ரோலர் ஓடினால் வரும் உறுமல்

ஜூன் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். கரண்ட் கேத்தல் சூடாகவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்துத் தேநீர் குடித்தேன். பிரஷர் மாத்திரையை விழுங்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கேத்தலைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். வேலையிலிருந்து நின்றுவிட்ட தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தனுக்கு ஒரு கேத்தல் பழுதானால் போதும், ஒரு நாள் நிறைந்துவிடும்.

கடைக்காரர் கேத்தலின் அடியைக் கழற்றி ஈயம் பற்றவைத்தபோது அந்தப் புகை எழுந்தது. பிசினும் உலோகமும் கலந்து தொண்டையில் லேசாகக் கரிக்கும் புகை. சிலருக்குச் சாம்பிராணி வாசம் பட்டால் கோயில் நினைவு வரும். எனக்கு இந்தப் புகை பட்டால் ரஷீத் நானாவின் கடை.

அதே தெருவில்தான் இருந்தது. நானா ரேடியோ திருத்துவார், கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் சுலபமாகக் கிடைக்காத எழுபதுகள் அவை. அந்தக் கடையில் செத்த ரேடியோ என்று ஒன்று கிடையாது. உறுப்புத் தானம் செய்யக் காத்திருக்கும் ரேடியோக்கள்தாம் அலுமாரி முழுக்க இருந்தன. எங்கள் பாட்டுக் குழுவின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் அவர் வாடகைக்குத் தந்ததுதான். அதைத் தூக்கிய நாள்களை என் இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

குழு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் இளைய கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதிவேன். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. செல்வராஜ் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் லீட் கிட்டார், நான் பேஸ் கிட்டார், மரியதாஸ் ட்ரம்ஸ். பெரட்டில் மற்றவர்கள் என்னை 'ஐயா' என்பார்கள். செல்வராஜ் மட்டும் ஒன்றும் சொல்லாமல் உதட்டோரச் சிரிப்புடன் கையைத் தூக்குவான். ஞாயிற்றுக்கிழமை அவன் ராஜ்ஜியம். "டேய் மாப்ள, அவசரப்படாத" என்பான். நான் அவசரப்படாமல் வாசிப்பேன்.

அந்த 'டேய்' எனக்குத் தேவையாக இருந்தது. உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸில் நான் தொழிலாளர் லயத்துப் பிள்ளை. லயத்துக்குப் போனால் உத்தியோகத்தன், பேச்சை நிறுத்திவிட்டுப் பாயை விரிப்பார்கள். குழுவை விட்டால் எனக்குத் தோட்டத்தில் கூட்டாளி என்று ஒருவரும் இல்லை.

ஒத்திகை மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும். பக்கத்திலேயே தேயிலை அரைக்கும் ஃபாக்டரி. அந்த மண்டபத்தில் என் பேஸ் ஒலி அபாரமாக இருந்தது. கீழ்ச் சுரத்தை மீட்டினால் நெஞ்சுக்குள் ஓர் உறுமல் கேட்கும். அதே ஆம்ப்ளிஃபயரை டவுன் கல்யாண வீட்டுக்குச் சுமந்து போனால் வெறும் 'தும் தும்'. அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி சுத்தமாக, உப்பில்லாமல்.

"தோட்டத்துல புலி மாதிரி உறுமுது, டவுனுக்கு வந்தா பூனையாப் போயிருது. ஒங் கையிலதான்டா என்னமோ கோளாறு" என்றான் செல்வராஜ்.

"கோழிக் கறி வாசம் அடிச்சா கணக்கப்புள்ளைக்கு வெரலு வேல செய்யாதுங்க" என்றான் மரியதாஸ்.

சிரித்தோம். ஆனால் மூன்றாவது கல்யாணத்திலும் அப்படியே ஆனபோது செல்வராஜ் சிரிக்கவில்லை. "ஹட்டன்ல கடை மொதலாளி வூட்டு கல்யாணம் வருதுல்ல, அது வரைக்கும் பாப்போம். அன்னைக்கும் இப்புடின்னா கொட்டகலைக்காரனத்தான் கூப்புடணும். கோச்சுக்காத." கொட்டகலைக்காரன் புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு பேஸ் வாசிப்பாளன். நான் கேட்டிருக்கிறேன். சுமார்தான். இதை இப்போதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

காரணம் தெரிந்தது ஒரு வெயில் மாதத்தில். கொழுந்து குறைந்து, அந்த ஞாயிறு ஃபாக்டரி ஓடவில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மரியதாஸ் கண்ணைச் சுருக்கினான். "அடேங்கப்பா, லைட்டு என்ன திருநா கணக்கா எரியுது!" நான் வாசித்தேன். எங்கள் மண்டபத்திலேயே, அதே பூனை.

ஃபாக்டரிக்கும் மண்டபத்துக்கும் தோட்டத்து டர்பைனிலிருந்து ஒரே மின்சாரம். கொழுந்து அரைக்கும் ரோலர்கள் ஓடினால் வோல்ட்டேஜ் விழும், பல்புகள் ஆரஞ்சு நிறமாகும். ஆம்ப்ளிஃபயர் போதிய மின்சாரம் இல்லாமல் திணறும். அந்தத் திணறலைத்தான் நாங்கள் இத்தனை நாளும் உறுமல் என்று கொண்டாடியிருக்கிறோம்.

"அப்ப கல்யாண வூட்டுக்கு ரோலரையும் தூக்கிட்டுப் போவமா?" என்றான் செல்வராஜ்.

நான் நானாவிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, பற்றவைக்கும் கோலைக் கீழே வைக்காமலே, "கரண்டக் கொறைக்கத் தேவல்ல தம்பி. முன்னாலயே சத்தத்தக் கூட்டி நிரம்பி வழிய வெச்சா அதே உறுமல் வரும். ஒன்னு செஞ்சி தாரேன்" என்றார்.

ஒரு பால்மா டின்னுக்குள் செய்தார். கிட்டாரின் மெல்லிய ஒலியை முதலில் தூக்கிவிட்டு, அடி, நடு, மேல் என்று மூன்று குமிழ்களால் திருத்தும் ப்ரீ-ஆம்ப். அதற்குப் பின்னால் ஒலியைப் பொங்கவைக்கும் ஓவர்டிரைவ். மிதிப்பதற்கு, லொறிகளில் முன்விளக்கைத் தாழ்த்தக் காலடியில் இருக்குமே, அந்த சுவிட்ச். மிதித்தால் மொத்த டின்னும் 'டக்' என்று குதிக்கும்.

உறுமல் வந்தது. ஆனால் ஒலிக்கு வயிறு இல்லாமல் போய்விட்டது. தகரக் கூரையில் பலாக்கொட்டை கொட்டிய மாதிரி மேலே மட்டும் கரகரப்பு. கீழே ஒன்றுமில்லை. முகம் தொங்க டின்னைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

நானா பகல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு இலையில் இருந்த தேங்காய்ச் சம்பலைப் பார்த்தார். "சம்பல மட்டும் தின்ன ஏலுமா தம்பி? சோத்துல கலக்கணும்." கை கழுவி வந்து டின்னைத் திறந்து ஒலியை இரண்டு வழியாகப் பிரித்தார். ஒரு வழி சுத்தமாகப் போகும், மற்றது பொங்கிப் போகும். இரண்டையும் கலக்க நான்காவதாக ஒரு குமிழ்.

அதற்குப் பிறகு என் வேலை. ஒவ்வொரு நாளும் ரோலர்கள் நிற்கும் நேரம் பார்த்து, ஒரு குமிழை மட்டும் திருப்பி, மற்றவற்றைத் தொடாமல் கேட்டேன். அடியை அதிகம் ஏற்றினால் மண்டபச் சுவர் குழறியது. கொஞ்சம் இறக்கி, நடுவைத் தூக்கினேன். மேலைப் பாதிக்குக் கீழே வெட்டினேன். கலவை, சோற்றில் சம்பல் அளவு. கடைசியில் நின்ற இடங்களில் தங்கச்சியின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். பூச்சு தீர்ந்துபோனதற்கு அவள் பேசிய பேச்சை எழுத முடியாது.

ஹட்டன் கல்யாணத்தில் பல்புகள் பளீரென்று எரிந்தன. இரண்டாவது பாட்டில் மிதித்தேன். மேடைப் பலகையில் இருந்த சோடாப் போத்தல்கள் நடுங்கின. செல்வராஜ் வாசிப்பதை விடாமல் திரும்பிப் பார்த்தான். மரியதாஸ் பின்னாலிருந்து, "புலி வந்துருச்சுடோய்!" என்று கத்தினான். அந்தப் பகல் முழுவதும் நான் ஒரு சுரம்கூடத் தவறவில்லை.

வயர்களைச் சுருட்டும்போது செல்வராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நல்லா இருந்துச்சு மாப்ள. சத்தியமா. இப்புடி ஒரு நாளும் கேட்டதில்ல." பிறகு வயரையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆனா கொட்டகலைக்காரன வரச் சொல்லிட்டோம். போன வாரமே."

"ஏன்டா? இப்பத்தான் நல்லா இருக்குன்ன?"

"அவங்கிட்ட வேன் இருக்குடா. ட்ரம் செட்ட பஸ்ஸுல ஏத்த எத்தன நாளைக்குக் கண்டக்டர் கால்ல விழுறது?"

கண்டக்டரிடம் கெஞ்சியவர்களில் நானும் ஒருவன். மாதக்கணக்கில் நான்கு குமிழ்களைத் திருப்பிய எனக்கு, பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நின்ற ட்ரம் பெட்டியைப் பற்றி ஒரு முறைகூடத் தோன்றவில்லை. கோபம் பல வருடம் இருந்தது. இப்போது அலுப்புதான் மிச்சம்.

நானாவின் கடை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. மரியதாஸ் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினான். கோத்தகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அவ்வளவுதான். ஃபாக்டரியை மூடி, ரோலர்களை இரும்பு விலைக்கு வெட்டி ஏற்றிவிட்டார்கள். கொழுந்து லொறியில் வேறெங்கோ போகிறது. மண்டபம் இருக்கிறது. பல்புகள் எந்நேரமும் பிரகாசம். வோல்ட்டேஜ் விழுந்ததுபோல நடிக்கவென்றே இப்போது பெடல்களில் ஒரு குமிழ் உண்டாம், என் மருமகன் சொன்னார். பக்கத்தில் ஆட்கள் கொழுந்து அரைத்துக்கொண்டிருந்ததால் வந்த சத்தம் அது. அதை எந்தக் குமிழில் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. முதல் வேலை பெரட்டு. பனிக்குள் நின்று பேர்களைப் பதிந்து முடித்தேன். "இனி வாறவன திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, எனக்கு மேலதிகாரியான கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் போனார். அதன் பிறகுதான் செல்வராஜ் மேடேறி வந்தான். என் முன்னால் நின்றான். கையைத் தூக்கவில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து, "ஐயா" என்றான்.

பேரைப் பதிந்தேன்.