தண்ணீருக்கு மேலே ஒரு கை

பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் மிஷின் ஓடுகிறது. பெட்ரோலும் ஆயிலும் கலந்த அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்ததும், அப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவருடைய படகின் வாசம்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் படகு இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கும் பைத்தியம் பிடித்த ஒரே ஆள் அப்பாவாகத்தான் இருக்கும். பம்ப்செட் பட்டறைக்காரர். கொச்சியிலிருந்து பழைய சறுக்குக்கட்டை ஒரு ஜோடி வாங்கிவந்து, கால் நுழைக்கும் ரப்பர் பிய்ந்த இடத்தில் லாரி டியூப்பை வெட்டி ஒட்டினார். ஞாயிறானால் மதுக்கரை தாண்டி ஒரு குளம். அம்மாவின் தம்பி, என் மாமா, படகை ஓட்டுவார். பின்னால் கயிற்றைப் பிடித்து வரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்பது வயதான என் வேலை.

"விழுந்தா கையத் தூக்கிக் காட்டுவேன், அம்மணி. எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். தூக்கலீன்னாத்தான் மாமாகிட்டச் சொல்லோணும்."

எழுந்து நிற்பார். பத்து எண்ணுவதற்குள் விழுவார். பழுப்புத் தண்ணீரிலிருந்து அந்தக் கை வரும்வரை நான் மூச்சு விட மாட்டேன்.

"போதுமுங்க மச்சான், ஊட்டுக்குப் போலாங்க" என்பார் மாமா. அப்பா கேட்டால்தானே.

இப்போது உள்ளறையில் தொப்பென்று சத்தம். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அப்பா கிடக்கிறார். அவருக்குப் பேச்சு நின்றுபோய் ஒரு வருஷமாகிறது. என்னைப் பார்த்ததும் மெல்லக் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஒண்ணுமில்லையாம்.

சோற்றுக் கையோடு நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு நானும் கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். தூக்கவில்லை.