ஒயின் பயணத்துக்கு ஒரு நிச்சயதார்த்தம்

இரண்டாயிரத்து ஆறில் மஸ்கட் ரூவியில் வேலை. இத்தாலியில் எந்தத் திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசிப்பது, எந்த ஊரில் மதியச் சாப்பாடு என்று நானும் அறைத்தோழன் செல்வமும் வாரக்கணக்கில் திட்டம் போட்டோம். விசாவுக்கு என் பாஸ்போர்ட் வேண்டும். அங்கே பல கம்பெனிகளில் நடப்பதுபோல, அது ஓமானி முதலாளியின் அலமாரியில் இருந்தது. அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர்.

“ஒயின்னு சொன்னா தருவாராடா? தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்னு அடிச்சு விடு,” என்றான் செல்வம். அப்படியே சொன்னேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். மேஜையில் பாஸ்போர்ட், பக்கத்தில் பெரிய ஹல்வா டப்பா.

“என் மனைவி உன் தங்கைக்குக் கொடுத்தது,” என்றார் இந்தியில்.

எனக்குக் கை நீளவில்லை.

“சார், நிச்சயதார்த்தம் இல்லை. இத்தாலிக்கு ஒயின் குடிக்கப் போறேன்.”

அவர் பாஸ்போர்ட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார். பயணம் மட்டுமில்லை, வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

“நீ குடிக்கிறது உனக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம்,” என்று சொல்லி பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். ஹல்வாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இது உன் தங்கைக்கு. நிஜமாவே நிச்சயமாகட்டும், தர்றேன்.”

இத்தாலியில் ஆசைப்பட்டதையெல்லாம் குடித்தோம், சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவரிடம் லீவு கேட்டபோதெல்லாம், உண்மையான காரணத்தைத்தான் முதலில் சொன்னேன்.