ஆஸ்பத்திரிச் சந்தில் ஒரு வீடு

திங்கட்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் மேஸ்திரியம்மா எங்கள் ஆபீசுக்கு வருவார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து குடித்து, சுவரோரம் கிடந்த பெஞ்சின் நுனியில் உட்காருவார். என் மேசைக்கு முன்னால் ஆள் குறையும்வரை காத்திருப்பார். பிறகு எழுந்து வந்து, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ரோடு எப்ப வரும் பாப்பா?"

மேலே எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் உத்தரவு வரவில்லை என்பேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கோபம் கிடையாது, அழுகை கிடையாது. ஏறக்குறைய ஆறு வருஷம் இது நடந்தது. ஆபீசில் அவருக்குத் திங்கட்கிழமை அம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பியூன் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பருத்தியும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒரு சின்ன டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேரூராட்சி ஆபீசில் கிளார்க்காக இருந்த என் அப்பா, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். எழுபதுகளின் கடைசியில் அந்த வேலை எனக்கு வந்தது. இருபத்திரண்டு வயது. வீட்டில் அம்மாவும் படித்துக்கொண்டிருந்த இரண்டு தம்பிகளும். வேலையை நிரந்தரம் செய்து உத்தரவு வராத காலம். தபால் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, ஓரத்தில் தேதியோடு சுருக்கொப்பம் வைத்து, நிர்வாக அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைப்பது என் பொறுப்பு. உள்ளாட்சித் தேர்தலே நடக்காத வருஷங்கள் அவை. கவுன்சிலர், சேர்மன் என்று யாரும் கிடையாது. அந்த மேசையில் என்ன முடிவாகிறதோ அதுதான் ஊருக்குச் சட்டம்.

கடைவீதியிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு சந்து இருந்தது. ஒரு கட்டைவண்டி போனால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்து முனையில் மண்டிகள். லாரி நின்று மூட்டை இறக்க ஆரம்பித்துவிட்டால் அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருப்பது மாதிரி ஆகிவிடும். அந்தச் சந்தின் நடுவில்தான் மேஸ்திரியின் வீடு. கொத்தனார் வேலை பார்த்து, ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பியவர். தன் வீட்டைத் தானே கட்டியிருந்தார். சின்ன ஓட்டு வீடுதான். ஆனால் அந்தச் சுவர்களின் மூலையை நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒரு மயிரிழை விலகாது என்பார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். உடையார்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்தில் சிக்கலாகி அவளை வாடகைக் காரில் நம் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, சந்து முனையில் பருத்தி லாரி நின்றிருந்தது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தாராம். அவரைத் தேடிப் பிடித்து வண்டியை நகர்த்தி உள்ளே வந்தால், நடுச்சந்தில் எதிரே இரண்டு மாட்டுவண்டி. கார் நின்ற இடம் மேஸ்திரி வீட்டு வாசல். சத்தம் கேட்டு வெளியே வந்த தாய், காருக்குள் இருப்பது தன் மகள் என்று அப்போதுதான் பார்த்தார். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, தகப்பனும் மருமகனும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி படியேறும்போது மகளும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. இது நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம் நடந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சந்துப் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று பழைய கவுன்சில் கலைவதற்கு முன்பே ஒரு தீர்மானம் போட்டிருந்தது. கிழக்கு வரிசையில் பதினொரு வீடுகள் புறம்போக்கில் இருந்தன. அந்தப் பதினொரு நோட்டீசையும் டைப் அடித்தவள் நான்தான். பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து வக்கீலைப் பார்த்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். மேஸ்திரி மட்டும் நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். ஏரிக்கரைப் பக்கம் ஒரு மனை தருவதாக நிர்வாக அதிகாரி சொன்னதைக்கூட அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. இடிக்க ஆள் அனுப்ப வேண்டாம், நான் கட்டியதை நானே பிரித்துக்கொடுக்கிறேன், ஒரு செங்கல்கூட ரோட்டில் கிடக்காது என்றார். போகும்போது என் மேசையருகே நின்று, ஏதோ என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதுபோல் சொன்னார்.

"எம் மவளுக்கு வராத ரோடு, இன்னொருத்தி மவளுக்காச்சும் வரட்டும் பாப்பா."

அவர் வீட்டைப் பிரிக்க ஒரு வியாழக்கிழமையைக் குறித்திருந்தார். அதற்கு முந்தின நாள், புதன்கிழமைத் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. பழுப்பு உறை, திருச்சி மேலதிகாரி அலுவலக முத்திரை. பத்து வீடுகளுக்குக் கோர்ட்டில் தடை உத்தரவு இருப்பதால் சந்தை அகலப்படுத்தும் வேலையை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும், எந்தக் கட்டடத்தையும் அகற்றக் கூடாது என்று நான்கே வரி. முத்திரை குத்தினேன், பதிவேட்டில் ஏற்றினேன், சுருக்கொப்பம் வைத்தேன். கையில் எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியிடம் கிட்டத்தட்ட ஓடினேன். நல்ல வேளை, ஒரு நாள் முன்னால் வந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது என் டேபிள்லயே இருக்கட்டும்மா. மேஸ்திரி பாட்டுக்குப் பிரிக்கட்டும். ஒரு வீடு விழுந்துச்சுன்னா மத்தவங்க தன்னால வழிக்கு வருவாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்."

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சந்து அகலமாக வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பியவர். கோர்ட்டு இழுத்தடித்தால் பத்து வருஷம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கணக்குத் தப்பாகப் போனது, அவ்வளவுதான். ஆனால் நான் எந்தக் கணக்கும் போடவில்லை. என் நிரந்தர உத்தரவுக் கோப்பு அதே மேசையில் இருந்தது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த உறையைப் பிரித்தேன்.

மறுநாள் காலை, இடத்தை ஒப்படைக்கும் காகிதத்தில் கையெழுத்து வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். சந்துக்குள் நுழையும்போதே சீமை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் சத்தம் கேட்டது. மேஸ்திரி கூரைமேல் இருந்தார். தெருப்பக்கத்துச் சரிவில் ஓடு இறங்கியிருந்தது, பின்பக்கம் அப்படியே இருந்தது. நாலு சுவரும் நின்றன. மேஸ்திரியம்மா கீழே நின்று ஒவ்வொரு ஓடாக வாங்கி, சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் கதவருகே நின்று பார்த்தார்கள். என்னைக் கண்டதும் மேஸ்திரி ஏணியில் இறங்கி வந்து, தூசி படும், தள்ளி நில்லு என்றார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, எப்போது ரோடு போட ஆரம்பிப்பார்கள் என்று கேட்டார்.

எனக்கு வாய் வரை வந்தது. இறங்குங்கள், நிறுத்துங்கள், ஓட்டைத் திரும்ப ஏற்றிவிடுங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மேஸ்திரியம்மா கையில் ஒரு ஓட்டோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம்" என்றேன்.

அவர் மறுபடி ஏணியில் ஏறினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். சந்து முனை வரைக்கும் அந்த ஓட்டுச் சத்தம் கூடவே வந்தது.

மற்ற பத்து வீடுகளும் நின்றன, வழக்கும் முடியாமல் இழுத்தது. நிர்வாக அதிகாரி அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. வரிசையான பற்களில் ஒன்றைப் பிடுங்கிய மாதிரி அந்த இடம் சந்தின் நடுவில் காலியாகக் கிடந்தது. ஏரிக்கரைக் குடிசையிலிருந்து மேஸ்திரி தினமும் வந்து அதைக் கூட்டிச் சுத்தம் செய்வார். குப்பை கொட்டினால், இது ரோடு வரப்போகிற இடம் என்று சண்டைக்குப் போவார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. முன்பு சந்து முனையிலேயே நின்ற லாரிகள், நடுவில் வண்டியைத் திருப்ப ஒரு இடம் கிடைத்துவிட்டதால் உள்ளேயே வர ஆரம்பித்தன. சந்து முன்னைவிட மோசமாக அடைத்துக்கொண்டது. ஒரு நாள் லாரியை மறித்துக்கொண்டு மேஸ்திரி குறுக்கே உட்கார்ந்துவிட்டதாகவும், நாலு பேர் அவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்ததாகவும் பியூன் வந்து சொன்னார். அந்த ஐப்பசி மழையில் குடிசை ஒழுகியது. மேஸ்திரி காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த அடுத்த திங்கட்கிழமை, மேஸ்திரியம்மா முதல்முறையாக ஆபீசுக்கு வந்தார்.

திங்கட்கிழமை அவர் கண்ணில் படாமல் இருக்க லீவு போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் செவ்வாய்க்கிழமை வருவார். பின்னாளில் தேர்தல் நடந்து புது சேர்மன் வந்ததும், அந்தக் கோப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்து வீட்டு ஓட்டுகளை இழக்க யாரம்மா தயார் என்று கேட்டு மூடிக் கொடுத்தார். கோப்புக்குள் அந்த நான்கு வரிக் கடிதம் இருந்தது, என் சுருக்கொப்பத்தோடு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெரம்பலூருக்கு மாற்றல் கிடைத்தது. கடைசித் திங்கட்கிழமை அவர் கேட்பதற்கு முன்னால் நானே எழுந்துபோய் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் புதன்கிழமையே வந்ததை, நான் படித்ததை, வியாழக்கிழமை தெரிந்தே வந்து நின்றதை. ரோடு வராது என்பதையும் சொன்னேன். அழ வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அவர் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"நீ வந்தப்ப செவுரெல்லாம் நின்னுச்சுல்ல பாப்பா?"

"நின்னுச்சும்மா."

"ஒரு பக்கத்து ஓடுதான் எறக்கியிருந்தாரு. திரும்ப வேஞ்சிருப்பாரு. அரை நாள் வேலை அவருக்கு."

அதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. கொத்தனார் பெண்டாட்டி ஒரு வேலைக்கு எத்தனை நேரமாகும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை.

போன வருஷம் என் பெரிய தம்பிக்கு நெஞ்சுவலி வந்தபோது, முதலில் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்திருக்கிறது, மண்டிகள் மாடியாக உயர்ந்திருக்கின்றன. சந்து அதே சந்துதான். ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், நான் பின்னால் ஓடினேன். நடுவில் அந்த அகலமான இடத்தில் ஒரு மினி லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும்வரை நின்றோம். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அங்கே நின்ற அந்தச் சில நிமிஷங்களில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. தலை தானாக மேலே, கூரை இருந்த உயரத்துக்குத் திரும்பியது.

அப்போது நான் மாற்றலாகிப் பெரம்பலூருக்கு வந்து சில மாதம் கழித்து, ஏதோ வேலையாக வந்த பழைய பியூன் என்னைப் பார்க்க வந்திருந்தார். திங்கட்கிழமை அம்மா எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். நீங்கள் போன அடுத்த திங்கட்கிழமை வந்தார் என்றார். ரோட்டைப் பற்றிக் கேட்கவில்லையாம். பழைய கோப்பில் ஒரு கடுதாசி இருக்கிறதாம், அதைப் படித்துக் காட்டுங்கள் என்று புதிய கிளார்க்கிடம் கேட்டாராம். அந்தப் பையன் நல்ல பையன், தேடியெடுத்து நான்கு வரியையும் நிதானமாகப் படித்துக் காட்டியிருக்கிறான். இன்னொருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிறகு, அந்தப் பாப்பா போட்ட கையெழுத்து எங்கே இருக்கிறது என்றாராம். ஓரத்தில் இருந்த சுருக்கொப்பத்தைக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அதன்மேல் விரலை வைத்து, அழுத்தாமல், சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாராம். அப்புறம் எழுந்து போனவர் அந்த ஆபீசுக்கு மறுபடி வரவேயில்லை.