மணி அடித்தவனுக்கு ஆப்சென்ட்

நாச்சியாபுரத்து அமலதாஸ் எங்கள் கல்லூரிக்கு பி.ஏ. படிக்க வந்தது 1968இல். தகப்பன் இல்லை. அம்மா செபஸ்தியம்மாளுக்கு வானம் பார்த்த நிலம் கொஞ்சம், அவ்வளவுதான்.

சம்பளம் கட்ட முடியாத பையன்களுக்கென்று கல்லூரியில் ஒரு நிதிக் கமிட்டி இருந்தது. சும்மா கொடுத்தால் பையன் கெட்டுப்போவான் என்று கமிட்டிக்காரர்களுக்குப் பெரிய கவலை. அப்பன் சொத்து சும்மா வந்தும் கெடாதவர்கள் பாருங்கள். ஆகவே ஒரு வேலை கொடுத்து, கூலியைக் கண்ணில் காட்டாமல் கல்லூரிச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். ஒருவன் நூலகத்தில் புத்தகம் அடுக்குவான். ஒருவன் விடுதியில் பரிமாறுவான். அமலதாஸின் படிப்பு கெடக்கூடாதென்று ரொம்ப யோசித்து, இருப்பதிலேயே லேசான வேலையைக் கொடுத்தார்கள். மணி அடிப்பது.

கல்லூரி வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து போய், ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிக்க வேண்டும். படித்தவர்கள் போட்ட ஏற்பாடு. ஐந்தாவதோடு நின்ற ஆபீஸ் பியூன் நான் என்ன சொல்ல?

முதல் இரண்டு வருடம் வாத்தியார்கள் வகுப்பு தொடங்கும்போதே பெயர் வாசித்ததால் வினை இல்லை. மூன்றாம் வருடம் தினமும் பொருளாதாரப் பேராசிரியர் சேதுபதியின் வகுப்பு. அவர் கடைசியில்தான் பெயர் வாசிப்பார். முதலிலேயே வாசித்தால் பாதிப் பேர் ஜன்னல் வழியாக மேட்னி ஷோவுக்குப் போய்விடுகிறார்களாம். அவர் வாசிக்கும்போது அமலதாஸ் வெளியே நிற்பான். அவன் அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் பதிவேட்டை மூடுவார். அடித்தவன் ஆப்சென்ட். ஒரு வகுப்பில் இல்லாவிட்டால் அரை நாள் லீவு என்பது விதி. கல்லூரி வேலைதானே, கல்லூரியே பார்த்துக்கொள்ளும் என்று அவன் நம்பினான்.

பிப்ரவரியில், வருகை போதாமல் பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். அகர வரிசையில் முதல் பெயர் அமலதாஸ்.

சேதுபதியிடம் ஓடினான். “நீ மணி அடிக்கலைன்னு நான் சொல்லலையே. வகுப்புல இல்லைன்னுதானப்பா போட்டிருக்கேன்” என்றார். கமிட்டியிடம் ஓடினான். ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை என்று நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள்.

செபஸ்தியம்மாள் ஆபீஸுக்கே வந்துவிட்டது.

“ஏண்ணே, எம்மகன் படிக்க வந்தானா, கோயில்பிள்ளை வேலைக்கு வந்தானா? மணிதான் அடிக்கணும்னா எங்கூரு மாதா கோயில்ல அடிச்சிருப்பான்ல? புண்ணியமாச்சும் கிடைச்சிருக்கும்.”

“நான் டீ வாங்கிட்டு வர்றவன். பெரியவுகளைப் போய்க் கேளுத்தா” என்றேன்.

அது யாரையும் கேட்கவில்லை. மகனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பஸ் ஏறியது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பு சேதுபதியுடையது. மணி ஒன்றாகியும் சத்தமில்லை. ஒன்றேகால். விடுதியில் சோறு ஆறியது. வாத்தியார்கள் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பசி தாங்காமல் பிரின்சிபாலே இறங்கி வந்தார். பின்னாலேயே நானும் போனேன். அமலதாஸ் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

“ஏம்ப்பா மணி அடிக்கல?”

“சார் பேரு வாசிக்கட்டும்னு இருக்கேன் சார்.”

“சேதுபதி, நீங்க ஏன் வாசிக்கல?”

“இவன் எந்திரிக்கவே இல்லையே சார். தினமும் இவன் எந்திரிச்சதும்தான் நான் வாசிக்க ஆரம்பிப்பேன்.”

“தினமும் இவன் எந்திரிக்கிறதப் பாத்தீகன்னா, இவன் தினமும் வகுப்புல இருந்தான்னுதானேய்யா அர்த்தம்?”

பின்வரிசையில் எவனோ சிரிக்க, வகுப்பே சிரித்தது. சேதுபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே பிரின்சிபால் அமலதாஸை மன்னிக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார். தப்பு கல்லூரியுடையது, மன்னிப்பு அமலதாஸுக்கு. அந்த மன்னிப்புக்கும் கட்டணம் உண்டு. கமிட்டி மனமிரங்கி, அதற்கு ஈடாகப் பரீட்சைக்குப் பிறகு நூலகத்தில் தூசி தட்டச் சொன்னது.

ஹால் டிக்கெட் வந்தது. எழுதினான். இரண்டாம் வகுப்பில் தேறினான். ரிசல்ட் வந்த பேப்பரை நான்தான் நூலகத்துக்குக் கொண்டுபோனேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணிமேல் நின்றான்.

“இறங்குடா, நீ பட்டதாரி ஆயிட்ட.”

“இன்னும் ரெண்டு அலமாரி கிடக்குண்ணே” என்றான்.