வெள்ளை உடுப்பின் உள்மடிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் நானும் அவருடைய மோட்டார் சைக்கிளின் சங்கிலியைச் சரிசெய்தோம். சிவப்பு நிறக் கப்சாய், சின்ன வண்டி. சங்கிலி தொய்ந்துபோய் மூடியில் உரசிக்கொண்டிருந்தது. நான் பின்சக்கரத்தின் நட்டைத் தளர்த்தினேன். அம்மா ஒரு பலகையில் உட்கார்ந்து சக்கரம் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

“மொகத்த ஏன் அப்படி வச்சிருக்க பாப்பா? பாக்குறவங்க மோட்டாரு பொழைக்காதுன்னு நெனைச்சுக்குவாங்க.”

“பொழைச்சுரும். நீங்க ஆட்டாதீங்க.”

“சரிங்க டாக்டர்.”

முடிந்ததும் கையில் ஒட்டிய கிரீஸைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று மருத்துவமனை வார்டில் கழுவும் அதே வரிசையில். பிறகு எங்கள் வீட்டு வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “சத்தம் நின்னுருச்சு லா,” என்றார்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா சமையலறையில் விழுந்தார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது.

அம்மாவின் பெயர் ராக்காயி. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பிடிவாதமாக அவரை டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். அம்மா இடைநிலைப் பள்ளி எல்.சி.இ. பரீட்சையில் தேறிய வருடமே அந்த மனிதர் இறந்துபோனார். தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லாத குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் அம்மா சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு பால் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றார். அதிலிருந்து இருபது வருடம் பால் வெட்டினார். தோட்டத்து லோரி ஓட்டிய உடையப்பனைக் கட்டிக்கொண்டார். நான் ஒரே பிள்ளை.

1976இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வீடமைப்பு நிறுவனம் ஒன்று வாங்கியது. நாங்கள் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் மலையில் கல் ஏற்றும் லோரி கிடைத்தது. அம்மாவுக்கு வெட்ட மரம் இல்லை. அங்கே இங்கே துணி துவைத்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் துணையாகப் போனார். அந்தப் பெண்ணுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அவள் சொன்னதை அம்மா தாதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இருபது வருடமாகப் பேசாத ஆங்கிலம். தாதிகளின் தலைவி மேட்ரன் லியோங் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எவ்வளவு படித்திருக்கிறாய் என்று விசாரித்தார். உதவித் தாதிப் பயிற்சிக்கு எல்.சி.இ. போதும், சேர்கிறாயா என்றார்.

“எனக்கு முப்பத்தேழு வயது மேடம்.”

“அதற்காகத்தான் கேட்கிறேன். இருபது வயதுப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால் இங்கிலாந்துக்குப் பறந்துவிடுகிறார்கள். நீ எங்கே பறக்கப் போகிறாய்?”

அம்மா இதை வீட்டில் சொன்னபோது அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். “போயித்தான் பாரேன். பறந்தா எனக்கும் ஒரு டிக்கெட் எடு.”

சிக்கந்தர் பாய் சாப்பாட்டுக் கடைக்குச் செய்தி அன்றே போய்விட்டது. அப்பாவைக் கண்டதும் பாய் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “மிஸி வீட்டுக்காரரு வந்திருக்காரு, கெலாஸ சுடுதண்ணியில கழுவிக் குடுங்கப்பா.” எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் சொல்வார்கள்.

இதுவரை எல்லாம் சிரிப்புத்தான். சிக்கல் உடுப்பில் வந்தது.

முழங்கால் வரை வெள்ளைக் கவுன். காலில் வெள்ளைச் சப்பாத்து. தலையில் வெள்ளைத் தொப்பி. கையில் வளையல் கூடாது, பூ கூடாது, தாலி சட்டைக்குள் இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் கை வெறுமையாக இருந்ததில்லை. புருஷன் இருக்கும்போது ஒருத்தி வெறுங்கையோடு வெள்ளை உடுத்தினால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சேலை கட்டி, வளையல் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவார். மருத்துவமனையில் உடை மாற்றிக்கொள்வார். துவைத்த கவுனை அறைக்குள்ளேயே கயிறு கட்டி உலர்த்துவார். அப்பாவின் அக்கா இருளாயி அத்தை இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர் கண்ணில் படக் கூடாது என்பதுதான் காரணம்.

பயிற்சியில் சேர்ந்த இரண்டாம் மாதம் மலைச் சரிவில் அப்பாவின் லோரி கவிழ்ந்தது. தொடை எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்து, இடுப்பு வரை மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள அம்மா மேட்ரனிடம் விடுப்புக் கேட்டார். ஒரு வாரம் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் மேட்ரன் சொல்லிவிட்டார்.

அப்பாவைப் பார்க்க வந்த அத்தை, கட்டிலுக்கு மேலே கயிற்றில் தொங்கிய கவுனைப் பார்த்துவிட்டார்.

“யாரு துணி இது?”

அம்மா கவுனைக் கயிற்றோடு சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டார்.

“ராக்காயி, ஒன்னத்தான் கேக்குறேன். இதத்தான் கட்டிக்கிட்டுப் போனியா? கையில வளையலும் இல்லாம?”

“அங்க அதான் சட்டம் அண்ணி.”

“சட்டமா? தாலி கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வெள்ளைய உடுத்துனியே, சாமி பாத்துக்கிட்டு இருக்குமா? கால எடுத்துருச்சு. இன்னும் என்ன எடுக்கணும் ஒனக்கு?”

அப்பா படுத்தபடியே கேட்டார். “அக்கா, மாமா செத்த அன்னைக்கு நீ என்ன சேல கட்டியிருந்த?”

“எதுக்கு இப்ப அது?”

“சொல்லேன்.”

“அரக்குச் செவப்பு.”

“கையில?”

“ரெண்டு கை நெறைய வளையலு. பூவு. எல்லாந்தான்.”

“அப்பறம் ஏன் போனாரு?”

“அவரு குடிச்சுல்ல செத்தாரு!”

“நான் பிரேக்கு புடிக்காமல்ல விழுந்தேன்.”

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்பா ஜெயித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. கவுனைக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். திருப்பிக் கொடுப்பதற்குத்தான் கட்டினார்.

“நீங்க வாயால சொல்லிட்டீங்க,” என்றார் அப்பாவிடம். “எனக்கு வயித்துல பயம் இருக்கே. நான் அங்க போற ஒவ்வொரு நாளும், வீட்டுல நீங்க எப்படி இருக்கீங்களோன்னு நெனைச்சுக்கிட்டா ஊசி போட முடியும்?”

அம்மாவும் அதே லயத்தில் வளர்ந்தவர்தான். அத்தைக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்தது. தாதியாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்தச் சில மாதங்களில் அவர் மெல்லிய குரலில் தனக்குத்தானே உடலுறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு அரிசி களைவதை நான் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, மஞ்சக் கெழங்கு இருக்கா? ஒரசிக் கொண்டா.”

தட்டில் தண்ணீர் விட்டு உரசிக் கொண்டுபோனேன். அப்பா பையைப் பிரிக்கச் சொன்னார். கவுனின் கீழ் ஓரத்தைத் திருப்பி, உள்மடிப்பில் கட்டைவிரலால் மஞ்சள் வைத்தார். தீபாவளிக்குப் புதுத் துணி எடுத்தால் ஓரத்தில் வைப்போமே, அதேபோல.

“இங்க பாரு ராக்காயி. மஞ்சத் தொட்டாச்சு. இனிமே இது வெள்ளத் துணி இல்ல. புருஷன் மஞ்ச வச்சுக் குடுத்த துணி. எவளாச்சும் கேட்டா என்கிட்ட அனுப்பு.”

அம்மா அந்த மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “கட்டவெரலு என்ன இம்மாம் பெருசு, சுண்டுவெரலால வைக்கக் கூடாதா?” என்றார்.

திங்கட்கிழமை போனார்.

கட்டிலில் கிடந்தபடி சும்மா இருக்க முடியாமல் அப்பா உடுப்புத் துவைக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார். நான் வாளியைப் பக்கத்தில் வைப்பேன். அவர் பக்கவாட்டில் சாய்ந்து கசக்குவார். முதல் முறை சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறியது. அப்பா பயந்துபோனார். நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் முதல் வருடம். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, அது பட்டால் மஞ்சள் சிவக்கும், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். அவசரமாக அலசி, அறைக்குள்ளேயே காயப்போட்டு, சிவப்பு போகாமலே அம்மா எடுத்துக்கொண்டு போனார்.

அன்று வார்டில் கட்டிலுக்கு விரிப்புப் போட அம்மா குனிந்தபோது மேட்ரன் லியோங் கண்ணில் அது பட்டது.

“என்ன இது? பழைய இரத்தக் கறையோடு என் வார்டுக்குள் வந்தாயா?”

அது பெரிய குற்றம். பயிற்சியில் இருப்பவரை அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறிக்குழம்பு பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அம்மா நடந்ததைச் சொன்னார். வெள்ளை, வளையல், லோரி, அத்தை, மஞ்சள், எல்லாவற்றையும் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னார்.

மேட்ரன் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“நான் முதல் நாள் இந்த உடுப்போடு வீட்டுக்குப் போனேன். என் அம்மா முன்வாசல் வழியாக உள்ளே விடவில்லை. எங்கள் சீனர்களுக்கும் இது சாவு வீட்டு நிறம்தான். என் சப்பாத்துக்குள் சிவப்புக் காகிதம் மடித்து வைத்த பிறகுதான் சோறு போட்டார்.”

அம்மா அவர் காலைப் பார்த்தார்.

“இப்போது இல்லை,” என்றார் மேட்ரன். “அம்மா செத்த பிறகு வைப்பதில்லை. நீ கேள். உள்பக்கம் மட்டும். விரல்நுனி அளவு. மஞ்சளாக இருக்க வேண்டும், சிவப்பாக இருக்கக் கூடாது. வெளியே தெரிந்தால் அன்றோடு நீ வீட்டுக்கு.”

வீட்டில் நாங்கள் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். துவைக்க வேண்டும். கடைசி அலசலில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட வேண்டும். நல்ல வெயிலில் போட்டால் பழைய மஞ்சள் தானாக வெளுத்துவிடும். கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகு புதிதாக வைக்க வேண்டும். இனி வெளியில் காயப்போடுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை தன் வீட்டு வாசலிலிருந்து கொடியைப் பார்த்தார். சில நாள் முகம் திருப்பினார். ஒரு நாள் மழை வந்தபோது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஓடிவந்து கவுனை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே போட்டவர் அவர்தான். “நனைஞ்சா நாளைக்கு எதப் போட்டுக்கிட்டுப் போவா?” என்றார் கோபமாக.

எலும்பு கூடியபோது அப்பாவின் கால் ஒரு அங்குலம் குட்டையாகியிருந்தது. மறுபடி லோரி ஓட்ட முடியவில்லை. ஒரு தொழிற்சாலையின் வாசலைக் காக்கும் ஜாகா வேலை பார்த்தார். ஆனால் அம்மாவின் உடுப்பை மட்டும் அவர் விடவில்லை. அம்மா பயிற்சியை முடித்து, தோளில் பட்டை வாங்கி, ஆண்கள் வார்டுக்கும் பிறகு பிரசவ வார்டுக்கும் போனார். பதினோரு வருடம். கஞ்சி போட்டதும் மஞ்சள் வைத்ததும் அப்பாதான்.

அம்மாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அந்த வேலயிலயும் குனிஞ்சு நிமுந்தேன், இந்த வேலயிலயும் குனிஞ்சு நிமுர்றேன். ஆனா மரத்துக்குப் பேரு கெடையாது பாப்பா. இங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு இருக்கு,” என்றார். நாற்பத்திரண்டு வயதில் மோட்டார் லைசென்ஸ் எடுத்தார். தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் அவர் பொட்டைப் பார்த்துவிட்டு, “மிஸி, நீங்க நம்ம ஆளா?” என்று கேட்டால் அன்று வீட்டில் அதை இரண்டு முறை சொல்வார். இங்கிலாந்துக்குப் பறக்கவில்லை. மேட்ரன் ஓய்வு பெற்ற நாளில் அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

அம்மா இறந்த வியாழக்கிழமை சாயங்காலம் அத்தைதான் அம்மாவைக் குளிப்பாட்டிக் கூறைச் சேலை கட்டினார். கை நிறைய வளையல் போட்டார். “எந் தம்பி இருக்கும்போதே பூவோட பொட்டோட போயிட்டா, மகராசி,” என்று சொல்லி அழுதார். வந்த பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நல்ல சாவு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா இருந்திருக்கலாம். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நல்லம்மாள் என்ற பெண் வந்திருந்தார். அம்மாவின் வார்டில் புதிதாகச் சேர்ந்த பயிற்சித் தாதி. முப்பத்துமூன்று வயது. அதற்கு முன்னால் பாரிட் புந்தாரில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தைத்தவர். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஈப்போவில் தங்கிப் படிக்கிறார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, எங்க மாமியா அந்த உடுப்போட என்னய வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டாங்க. புள்ளைங்களயும் காட்ட மாட்டேங்குறாங்க. ‘நான் வந்து பேசுறேன், மாமியாக்காரிங்களப் பத்தி எனக்குத் தெரியும்’னு அக்காதான் சொன்னாங்க. அவங்க எறந்ததுக்கு அடுத்து வந்த ஞாயித்துக்கெழம வாரேன்னிருந்தாங்க.”

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எடுத்திருந்தது எங்களுக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது.

“நீ படிப்ப விட்டுட்டியா?” என்று அப்பா கேட்டார்.

“இன்னும் விடல அண்ணே.”

“விடாத.”

அவர் போன பிறகு, பாரிட் புந்தாருக்குப் பஸ் எங்கே மாற வேண்டும் என்று அப்பா என்னிடம் கேட்டார். தைப்பிங்கில் என்றேன். குட்டைக் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அந்த மாமியாரிடம் இன்னும் யாரும் போய்ப் பேசவில்லை.