என் கன்னத்துச் செல்

அந்தாளு எறிஞ்ச நீல ஜக்கு இன்னும் என் கண்ணுலயே நிக்குது. மன்னிச்சு மறந்துட்டேன்னு சொல்ற பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லைங்க. மறக்கவும் மாட்டேன்.

மரக்காணம் உப்பளத்துல சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியாது. மொதலாளி வண்டியில வர்ற பிளாஸ்டிக் கேன் தண்ணிதான் எல்லாருக்கும். கேன் பக்கத்துல ஒரு நீல ஜக்கு இருக்கும். அதுல புடிச்சு அண்ணாந்து குடிக்கணும், உதடு படக் கூடாது. எங்கம்மா அங்க உப்பு வாருற வேலையில இருந்தா. பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவுல அவளுக்குச் சோறு எடுத்துட்டுப் போவேன். ஒரு நாள் வெயில்ல தாகம் தாங்கலை, ஜக்கை வாயில வெச்சுக் கவுத்துட்டேன்.

மொதலாளி பார்த்துட்டாரு. "எச்சப் பண்ணிட்டாளே சனியன்"னு பிடுங்கினாரு. "கழுவித் தர்றேங்க"ன்னு அம்மா கையை நீட்டினா. கழுவுறதாவது! அப்படியே வீசி உப்புப் பாத்தியில எறிஞ்சாரு. அன்னையிலேர்ந்து அங்க வேலை பார்த்த பொம்பளைங்க யாருக்கும் ஜக்கு கெடையாது. ஒருத்தி கேனைச் சாய்ப்பா, ஒருத்தி கையேந்திக் குடிப்பா. என்னால வந்த வினைன்னு எல்லாரும் அம்மாவைத்தான் ஏசினாங்க.

"விடுடி. உப்பு தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்"னா அம்மா.

"எப்போ குடிப்பான்?"

"வாயை மூடு."

சுனாமி வந்துட்டுப் போன மறு வருஷம் அது. எங்கெங்கிருந்தோ ஆளுங்க வந்து அரிசி, பாய், அடுப்புன்னு குடுத்துட்டிருந்தாங்க. அதைப் பார்த்து நம்ம மொதலாளிக்கும் தர்மம் பண்ற ஆசை வந்துடுச்சு. எங்க ஸ்கூலுக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் குடுத்தாரு. கோயில் டியூப்லைட்டுல எழுதுறாப்புல, அதோட அடிக்கட்டை மேல வெள்ளை பெயிண்ட்டுல கொட்டை எழுத்துல 'உபயம்'னு போட்டு அவர் பேரு. அவர் பொண்ணும் நானும் பிளஸ் ஒன்னுல ஒரே பயாலஜி குரூப்பு. தலையெழுத்தைப் பாருங்க!

மொத நாளே அவ மிஸ்கிட்டச் சொல்லிட்டா: "மிஸ், உப்பு வாருற கை பட்டா லென்ஸு துரு புடிச்சிடும்." லென்ஸு கண்ணாடிடீ, கண்ணாடி எங்கடி துரு புடிக்கும்? ஆனா மிஸ் என்னைப் பார்த்து, "நீ தள்ளி நின்னுக்கம்மா"ன்னாங்க. சாயந்திரம் எல்லாரும் போனப்புறம் ஸ்லைடு கழுவுறதுக்கு மட்டும் என் கை ஆவும். ஸ்லைடுன்னா விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். மிஸ் டீ குடிக்கப் போவாங்க. நான் கழுவுறதை விட்டுட்டு மைக்ராஸ்கோப்புக்கு வந்துடுவேன்.

அடியில இருக்கிற குட்டிக் கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பினா வானத்து வெளிச்சம் ஏறி உள்ளே பளிச்சுன்னு வட்டமா விழும். மொதல்ல சின்ன லென்ஸு, அப்புறந்தான் பெருசு. எடுத்ததும் பெருசு வெச்சா ஒரு மண்ணும் தெரியாது. ஸ்லைடை இந்தப் பக்கம் நகர்த்தினா உள்ளே அந்தப் பக்கம் ஓடும். அந்தக் கோணல் புத்தி எனக்குச் சீக்கிரமே பழகிடுச்சு. வெங்காயத்தோலை வெச்சுப் பார்த்தேன். செங்கல் அடுக்குன சுவராட்டம் கட்டம் கட்டமா செல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் கெட்டியான சுவரு, உள்ளே ஓரமா ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் உட்கரு, செல்லை நடத்துறதே அதுதான். ஐயோ, எவ்வளவு அழகு! கோவத்தைக்கூட அந்த நிமிஷம் மறந்துட்டேன். அந்த நிமிஷம் மட்டுந்தான்.

அப்புறம் ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி வெச்சாங்க. எங்க வகுப்புக்கு மனுஷ செல்லு. பல்குச்சியோட மழுங்கின முனையால கன்னத்து உள்பக்கம் லேசா வழிக்கணும், ஸ்லைடுல தடவணும், நீலச் சாயம் ஒரு சொட்டு விடணும். மேல மூடுற மெல்லிசுக் கண்ணாடியைச் சாய்ச்சுப் புடிச்சு மெதுவா இறக்கணும். தொப்புன்னு போட்டா காத்து மாட்டிக்கும். மொதலாளி பொண்ணு தொப்புன்னுதான் போட்டா. மொத்தமும் காத்துக் குமிழி. அச்சுல வார்த்த மாதிரி வட்டம், சுத்திக் கறுப்பா தடிச்ச கோடு, நடுவுல ஒண்ணும் கெடையாது. அதைப் போயி செல்லுன்னு நெனச்சு நோட்டுல வரைஞ்சு வெச்சிருந்தா.

என்னோடது எப்படி வந்துச்சு தெரியுமா? வெங்காயத்துக்கு இருக்கிற சுவரு நம்ம செல்லுக்குக் கெடையாது. சவ்வு மட்டுந்தான். அதனால கட்டமா இல்லாம தட்டையா, ஓரம் மடிஞ்ச அப்பளமாட்டம் இருக்கும். நடுவுல கருநீலத்துல உட்கரு. மிஸ் குனிஞ்சு பார்த்துட்டு, "அப்படியே புக்குல இருக்கிற மாதிரி இருக்குதே!"ன்னாங்க. அப்புறம் ஸ்லைடுல நான் ஒட்டியிருந்த பேரைக் கிழிச்சுட்டு அவ பேரை ஒட்டினாங்க.

"அவங்கப்பாதான் சீஃப் கெஸ்ட்டு. நீ பக்கத்துல நின்னு ஃபோகஸ் மட்டும் பண்ணும்மா. அவளுக்கு வரமாட்டேங்குது."

வீட்டுல போயி சொன்னேன். அம்மா சோத்துல கை வெச்சபடியே, "வாயைத் தொறந்தே, என் வேலை போச்சு"ன்னா. நியாயந்தான். எங்க வீட்டு அடுப்பு அந்த வேலையிலதான் எரிஞ்சுது. ராவெல்லாம் புரண்டேன். விடிஞ்சப்பவும் ஒரு முடிவுக்கு வரலை.

மறுநாள் மொதலாளி வெள்ளை வேட்டி சட்டையில வந்தாரு. தலைமையாசிரியர், மிஸ், பெத்தவங்க எல்லாரும் பின்னாடி. ஒரு கண்ணை மூடிக் குனிஞ்சாரு. "கறுப்பா இருக்குதேம்மா?"

"அது உங்க இமை முடிங்க. இன்னும் கொஞ்சம் கண்ணை ஒட்டி வெய்யுங்க, மொதலாளி."

நல்லா அழுத்தி வெச்சாரு. நான் ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பினேன். "அடேயப்பா! இது என்னாம்மா?"

"என் கன்னத்துச் செல்லுப்பா"ன்னா அவ, கூசாம.

"அப்படிச் சொல்லு! என் ரத்தமாச்சே, அதான் இவ்வளவு லட்சணமா இருக்குது"ன்னாரு. கூட்டம் சிரிச்சுது.

அந்த ரத்தம்னு சொன்னாரு பாருங்க, அதுல முடிவு பண்ணிட்டேன். ஆனா அவசரப்படலை. பெரிய லென்ஸை மாத்திக் குடுத்தேன். "இப்ப நடுவுல இருக்கிற புள்ளியைப் பாருங்க." பார்த்தாரு. ஆசை தீரப் பார்க்கட்டும்னு விட்டேன்.

"அது என் வாயிங்க, மொதலாளி."

"என்னாது?"

"என் கன்னத்துலேர்ந்து வழிச்சது. என் எச்சி. உங்க பொண்ணோட ஸ்லைடு அந்தத் தட்டுல கெடக்குது, வெறும் காத்து. வேணும்னா மிஸ்ஸைக் கேளுங்க."

மிஸ் குனிஞ்சு பல்குச்சிங்களைப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. அவர் பொண்ணைப் பார்த்தாரு, அவ தரையைப் பார்த்தா. கூட்டத்துல ஒருத்தர் கூட சிரிக்கலை. அவர் கை மைக்ராஸ்கோப்போட கழுத்தைப் புடிச்சுது. ஜக்கைப் புடிச்ச அதே புடி. எறி, எறின்னு எனக்குள்ள ஒருத்தி கத்துறா. அவர் கண்ணு கீழே போச்சு. வெள்ளை எழுத்து, உபயம், அவர் பேரு. கையை எடுத்துட்டாரு. கர்ச்சீப்பை உருவிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளியே போனாரு.

நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள, நாளையிலேர்ந்து வர வேணாம்னு அம்மாவுக்குத் தகவல் வந்துடுச்சு. வாசப்படியில உட்கார்ந்திருந்தா. அடி விழும்னுதான் போனேன்.

"கண்ணைத் துடைச்சானாமே?"

"துடைச்சான்."

"நல்லாவா?"

"செவந்து போற வரைக்கும்."

அம்மா எழுந்து உள்ளே போயி ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டு வந்தா. உதட்டுல வெச்சு, மடக்கு மடக்குன்னு பாதி குடிச்சா. மீதியை அப்படியே என்கிட்ட நீட்டினா.