மனாஸ்லுவுக்குப் போன மிஸ்ஸி

மடுல்சீமைக்கு அப்பால் இருக்கும் மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் யசோதினிதான் மிஸ்ஸி. அரசாங்கக் கடிதங்களில் அந்த மருத்துவிச்சி வேலைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் சனங்களுக்கு மிஸ்ஸி என்றால் போதும். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசி நாளை நினைவுபடுத்துவது என்று பன்னிரண்டு வருடங்களாக அந்த மலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முச்சக்கர வண்டி போகாத டிவிஷன் என்ற தோட்டப் பிரிவுகளுக்கு நடைதான். வயது முப்பத்தாறு, ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. எதையும் கேட்காமல் விடமாட்டாள். பதுளையில் பயிற்சி எடுத்த காலத்தில், "இந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சு" என்று ஒரு டொக்டர் சொன்னாராம்.

ஒரு ஜனவரி மாதக் காலையில், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேல் டிவிஷனுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். பாதையோரத்தில் நான்கு பேர் பெரிய பெரிய பைகளை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் மானியை விரலில் மாட்டியிருந்தாள்.

"என்னங்க, யாருக்காச்சும் சொகமில்லையா?" என்று யசோதினி நின்றாள்.

"அப்படி ஒண்ணுமில்ல. பயிற்சி செய்றோம்" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் றிப்கா. பண்டாரவளைக்காரி, கொழும்பில் உடற்கல்வி ஆசிரியை. மலையேறும் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். நேபாளத்தில் மனாஸ்லு என்றொரு மலை, எட்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று மீற்றர், அதற்கு அடுத்த வருடம் போகப்போகிறோம் என்றாள்.

"பைக்குள்ள என்னங்க?"

"மணல்."

"மணலையா சொமந்துக்கிட்டு ஏறுறீங்க?" யசோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் பார்வை விரல் மானிக்குப் போனது. "அந்த ஒசரத்துல இது எத்தனை காட்டும்?"

"மேல போகப் போகக் குறையும். உச்சிக்குக் கிட்ட அறுபது, சிலருக்கு ஐம்பது."

"ஐம்பதா? ஒரு புள்ளைக்குத் தொண்ணூறுக்குக் கீழ காட்டுனாலே நான் ஆம்புலன்ஸுக்கு அடிச்சுருவேன். ஐம்பதுல எப்புடிங்க நடக்குறாங்க?"

"நடக்கிறாங்க. எப்படின்னு எனக்கும் முழுசாத் தெரியாது" என்றாள் றிப்கா.

அந்தப் பதில் யசோதினியைப் பிடித்துக்கொண்டது. அந்த நால்வரும் மேல் டிவிஷனுக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஆறு பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். றிப்கா அவளுடைய கால்களைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து அழைப்பு வந்தது. குழுவில் ஓரிடம் இருக்கிறது, செலவை ஏற்கும் நிறுவனம் மலையகத்துப் பெண் ஒருத்தி வரவேண்டும் என்று விரும்புகிறது, வருவீர்களா என்று.

கணவன் கிருபாகரன் தேயிலை ஸ்டோரில், தோட்டத்துத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். 

"எதுக்கு?" என்றான் விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"ஐம்பதுல எப்புடி நடக்குறாங்கன்னு பாக்கணும்."

"அதெல்லாம் வாசிச்சுத் தெரிஞ்சுக்க ஏலாதா?"

"வாசிச்சுட்டேங்க. எழுதுனவங்களுக்கே முழுசாத் தெரியல."

"செத்துக்கித்துப் போனா?"

"செத்துருவேன்னு தோணுனா எறங்கிருவேன்."

மறுநாள் வேலை விட்டு வந்தவன், லயத்துக்குப் பின்னால் இருந்த யூக்கலிப்டஸ் மரத்தில் ஒரு தடித்த கயிற்றைக் கட்டினான். கயிற்றைப் பிடித்து ஏறும் கருவியின் படத்தை யசோதினியின் போனில் பார்த்துவிட்டு, இரும்பில் அதே மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தான். பனிமலைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. பழகுவதற்குப் போதுமானதாக இருந்தது. பதினொரு வயது மகள் விதுஷா கீழே நின்று நேரம் பார்ப்பாள். பக்கத்து வீட்டுச் சனங்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருடப் பயிற்சி. நடுவில் ஒரு தடவை நேபாளத்துக்குப் போய், ஆறாயிரம் மீற்றரைத் தாண்டிய சின்ன மலை ஒன்றில் ஏறினார்கள். பனியை அங்கேதான் முதன்முதலாகத் தொட்டாள். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். ருசியே இல்லாததுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று செப்டம்பரில் மனாஸ்லுவின் அடித்தள முகாமில் கூடாரம் போட்டார்கள். நாலாயிரத்து எண்ணூறு மீற்றர். தண்ணீர் கொதிக்கும், ஆனால் ஊரில் கொதிக்கும் தண்ணீர் அளவுக்குச் சுடாது. தேத்தண்ணியில் சாயம் சரியாக இறங்காது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதைக் குடிப்பது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. அரிசி அரைவேக்காட்டில் நிற்க, சமையற்காரர் பிரஷர் குக்கரைத் தெய்வம்போல் பார்த்துக்கொண்டார்.

தினமும் காலையில் எல்லாருடைய விரலிலும் மானியை மாட்டி, கொப்பியில் எழுதினாள். அவளுக்கு எண்பத்திரண்டு, றிப்காவுக்கு எண்பத்து நான்கு. வழிகாட்டி தாவாவுக்கு மட்டும் எப்போதும் எண்பத்தெட்டுக்குக் குறையாது. அவன் அந்தப் பக்கத்து ஷெர்பா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த மலையில் ஐந்து தடவை ஏறியவன்.

"உனக்கு மட்டும் எப்படி?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என் அம்மாவைத்தான் கேட்கவேண்டும்" என்றான் தாவா.

உடம்பைப் பழக்குவதற்காக இரண்டாம் முகாம்வரை ஏறி, மறுபடி கீழே வந்தார்கள். முதல் முகாமைத் தாண்டியதும் பனிப்பிளவு ஒன்றின்மேல் ஏணியைப் படுக்கவைத்திருந்தார்கள். பூட்ஸின் இரும்புப் பற்கள் ஏணிப்படியில் கிறீச்சிட, நடுவில் நின்று குனிந்து பார்த்தாள். கீழே நீலம். வெளிச்சம் உள்ளேயிருந்து வருவது போன்ற நீலம். அது ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டாள். தாவா கத்தியபின்தான் காலை எடுத்து வைத்தாள். பயம் அதற்கப்புறம், மறுகரையில் உட்கார்ந்தபோது வந்தது. 

மாதக் கடைசியில் வானிலை தெளிந்தது. எல்லாரும் உச்சிக்குப் புறப்பட்டார்கள். முதல் முகாம், இரண்டாம் முகாம், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்றாம் முகாம் ஆறாயிரத்து எண்ணூறு மீற்றரில். மத்தியானம் ஒரு மணிபோல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உச்சிக்கு இன்னும் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மீற்றர்தான்.

யசோதினிக்கு இருமல் வந்தது. மலையில் எல்லாரும் இருமுவார்கள்; வறண்ட காற்று. கூடாரத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை. மானியை மாட்டினாள். றிப்காவுக்கு எழுபத்தொன்று காட்டியது, தனக்கு ஐம்பத்தெட்டு. விரல் குளிர்ந்திருக்கும் என்று உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஐம்பத்தேழு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று, பிள்ளைகளுக்கு எண்ணுவது போல, வயிற்றில் கைவைத்து எண்ணினாள். முப்பத்தாறு.

"இப்ப ஒட்சிசன் போட்டிடுவோம். காலையில சரியாகிடும்" என்றாள் றிப்கா.

"ஆமாங்க, காலையில பாப்போம்" என்றாள் யசோதினியும்.

சொன்ன பிறகு அந்த வார்த்தை காதில் நின்றது. லயத்து அறைகளான காம்பராக்களில் எத்தனை தடவை கேட்ட வார்த்தை! வலி தொடங்கிய பெண்ணை வண்டி ஏற்றச் சொன்னால், கொஞ்ச நேரம் பாப்போம் மிஸ்ஸி, விடியட்டும் மிஸ்ஸி என்பார்கள். அந்த உடைந்த பாதையில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரமாகும் என்று அவள் வாசலில் நின்று சண்டை போடுவாள். இப்போது வாசலில் நின்று சண்டை போட யாரும் இல்லை.

பையில் துழாவி, கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் சின்ன அலுமினியக் குழலை எடுத்தாள். சாமான் கட்டும்போது எதற்கென்று தெரியாமலே போட்டுக்கொண்டு வந்தது.

"என் முதுகுல வச்சுக் கேளுங்க. வலது பக்கம், கீழ. நான் மூச்சு இழுக்குறப்ப என்ன கேக்குது?"

றிப்கா காதை வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. "காதுக்குப் பக்கத்துல தலைமுடியத் தேய்ச்சா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. மொறுமொறுன்னு."

"நெஞ்சுல தண்ணி எறங்குது" என்றாள் யசோதினி. "நான் கீழ போறேன். இப்பவே."

தாவா வந்து எட்டிப் பார்த்தான். கீழே போனால் மறுபடி மேலே வர இந்த வருடம் வாய்ப்பில்லை, தெரியும்தானே என்று கேட்டான். தெரியும் என்றாள்.  ஒட்சிசன் உருளையை அவள் முதுகில் கட்டி, கயிற்றைத் தன் இடுப்போடு கோத்துக்கொண்டான்.

றிப்கா கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "நானும் வாறேன்."

"நீங்க வந்து என்ன செய்யப்போறீங்க? எனக்குத்தான் நெஞ்சுல தண்ணி. நீங்க ஏறுங்க. ஏறிட்டு, உச்சியில எத்தனை காட்டுதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

இறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஒன்றரை வருடம் கயிற்றில் தொங்கிய உடம்பு, தாவாவின் அம்மா மகனுக்குக் கொடுத்த ஏதோ ஒன்று இல்லாமல், இந்த இடத்தில் நின்றுவிட்டதே என்ற கோபம். ஆனாலும் நிற்கும் இடத்திலெல்லாம் கையுறையைக் கழற்றி மானியைப் பார்த்தாள். இரண்டாம் முகாமில் எழுபது. மாலை மங்குவதற்குள் முதல் முகாம், அங்கே எழுபத்தாறு. தண்ணீர் வற்றுவதைப் பார்ப்பது போல, தன் உடம்பு தேறுவதை எண்களில் பார்த்தாள். இது புத்தகத்தில் இருந்ததுதான். ஆனால் புத்தகத்தில் அது வேறு யாருக்கோ நடந்தது.

அடித்தள முகாமில் இருந்த டொக்டர் அவள் செய்தது சரி என்று சொல்லி, இன்னும் கீழே போகச் சொன்னார். மூவாயிரத்து ஐந்நூறு மீற்றரில் சாமகாவ்ன் என்ற கிராமம். மற்றவர்கள் இறங்கி வரும்வரை அங்கே ஐந்து நாட்கள் தங்கவேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியாமல், கிராமத்துச் சுகாதார நிலையத்தைத் தேடிப் போனாள்.

அங்கே டோல்மா என்ற பெண் வேலை பார்த்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தானும் பிரசவம் பார்ப்பவள்தான் என்று யசோதினி சொன்னதும், அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு தாய் பிறந்து நான்கு நாளான பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். தாயின் விரலில் மானி எண்பத்தொன்பது காட்டியது. "இங்கே இது சரியான கணக்கு" என்று சிரித்தாள் டோல்மா. பிள்ளையைத் தராசில் வைத்தார்கள். மூன்று கிலோ இருநூறு.

யசோதினி தராசைத் தட்டிப் பார்த்தாள். முள் சரியாகத்தான் இருந்தது.

அவளுடைய தோட்டங்களில் இரண்டரைக் கிலோவைத் தொடாத பிள்ளைகள் எத்தனையோ. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. இங்கே காற்றே பாதிதான். இந்தப் பெண்ணும் எட்டாம் மாதம்வரை விறகு சுமந்தவளாம். பிறகு எப்படி? டோல்மாவிடம் கேட்டாள். தாய் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், முந்தைய பிள்ளைகள் என்ன எடை? டோல்மா தன் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பிள்ளையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று யசோதினிக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், இறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனாலும் மீதி மூன்று நாளும் அங்கேயே கழிந்தது.

றிப்கா உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. யசோதினியைக் கட்டிக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "உச்சியில ஒட்சிசன் முகமூடியைக் கழட்டிட்டு மானியில பாக்கணும்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு. பாக்கல. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லங்க" என்றாள் யசோதினி. "இங்க ஒரு எடம் கண்டுபுடிச்சிருக்கேன், வாங்க காட்டுறேன்."

ஒக்டோபர் நடுவில் மடுல்சீமைக்கு வந்து சேர்ந்தாள். கால்விரல் நகங்கள் இரண்டு விழுந்திருந்தன. தோட்டத்துச் சனங்கள் மாலை போட்டார்கள். உச்சிக்குப் போகவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டியிருந்தது. சிலர் கேட்காத மாதிரி மறுபடியும் வாழ்த்தினார்கள். கிளினிக்கில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மட்டும் நேராகக் கேட்டாள்:

"பாதியில வந்துட்டமேன்னு மனசு கஷ்டமா இல்லையா மிஸ்ஸி?"

"இருக்கு" என்றாள் யசோதினி. "நீ காலையில என்ன சாப்ட்ட?"

"ரொட்டி."

"எத்தனை? கூட என்ன? எத்தனை மணிக்குக் கொழுந்து பறிக்கப் போன?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல, அவள் புதுக் கொப்பி ஒன்றில் எழுதினாள்.

இப்போது மாதம் ஒருமுறை சாமகாவ்னிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வருகின்றன: தராசில் கிடக்கும் கொழுத்த, இளைத்த பிள்ளைகள், பக்கத்தில் டோல்மாவின் கையெழுத்தில் எடை. யசோதினியும் தன் பக்கத்துப் பிள்ளைகளை அனுப்புகிறாள். பிரதேசத்து டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது போதாது, இதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது என்றார். எத்தனை பிள்ளைகள் இருந்தால் சொல்லலாம் என்று கேட்டாள். அவர் ஒரு எண்ணைச் சொன்னார். அதைக் கொப்பி அட்டையின் உள்பக்கம் எழுதிக்கொண்டாள்.

வருகிற மே மாதம் மறுபடி போகப்போகிறாள், சாமகாவ்ன்வரைக்கும்.

"அப்ப மலை?" என்று கிருபாகரன் கேட்டான்.

"அது பக்கத்துலதானே இருக்கு" என்றாள்.